உயர்தரத்துக்கு எந்தப் பாடம்? கண்டி வீதியில் நாம் படித்த பாடம்



யாழ்ப்பாண நகரத்தை விட்டுக் கிழக்கே போனால் அரியாலை என்றோர் ஊர் வரும். ஒரு பக்கம் வயல், இன்னொரு பக்கம் கடல்நீரேரி. தோட்டம் என்று சொன்னால் நமக்குத் தேயிலை மலை ஞாபகம் வரும். அந்த ஊர்க்காரருக்குத் தோட்டம் என்றால் வெங்காயமும் மிளகாயும் நடுகிற துண்டுக் காணி. ஆனால் அந்த ஊருக்கும் நமக்கும் ஓர் உறவு உண்டு. அரியாலையை ஊடறுத்துப் போகிற பெருந்தெருவின் பெயர் கண்டி வீதி. ஏ-9 என்று எல்லாரும் சொல்கிற அந்த வீதியில் பஸ் ஏறினால், சுமார் 320 கிலோமீற்றர் கடந்து நம் மலை அடிவாரத்தில் இறங்கலாம்.

நிதியத்தின் வேலையாக யாழ்ப்பாணம் போயிருந்தபோது, அந்த வீதிக்கு அருகே ஒரு வீட்டுக்குப் போனோம். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரின் வீடு. பின்பக்கத்து அறைகளில் நம் மலையகப் பிள்ளைகள் சிலர் வாடகைக்கு இருந்து பல்கலைக்கழகத்தில் படிக்கிறார்கள். லயத்துக் காம்பராவில் பிறந்து, பெரட்டுச் சத்தம் கேட்டு எழும்பி வளர்ந்த பிள்ளைகள். ஒரு பின்நேரம் முழுக்க அவர்களோடு பேசிக்கொண்டிருந்தோம். "சாதாரண தரம் எழுதிய பிறகு என்ன பாடம் எடுக்கிறது என்று யார் முடிவு செய்தது?" என்ற ஒரே கேள்வியைத்தான் எல்லாரிடமும் கேட்டோம். கிடைத்த பதில்கள் நம்மை யோசிக்க வைத்தன. அதனால்தான் இந்த இதழில் இந்தப் பாடம்.

மூன்று பிள்ளைகள், மூன்று பதில்கள்

முதலாவது, பதுளைப் பக்கத்துத் தம்பி. கணிதத்தில் கெட்டிக்காரர். இஞ்சினியர் ஆக வேண்டும் என்பது சின்ன வயது ஆசை. உயர்தரத்தில் இணைந்த கணிதம், பௌதிகவியல் எடுத்தார். மூன்றாவதாக இரசாயனவியலுக்குப் பதிலாகத் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பத்தை எடுத்தார். "கூட்டாளிமாரு அதுதான் லேசுன்னு சொன்னாங்க. பொறியியலுக்குக் கெமிஸ்ட்ரி கட்டாயம்னு ஒருத்தரும் சொல்லல. ரிசல்ட் வந்து அப்ளிகேசன் போடுறப்பதான் தெரிஞ்சிச்சு" என்றார். இப்போது கணினி விஞ்ஞானம் படிக்கிறார். நல்ல படிப்புத்தான், அவருக்கும் பிடித்துவிட்டது. ஆனாலும் அந்த ஆசைக் கதவு தெரியாமலே மூடிப்போனது.

இரண்டாவது, நுவரெலியாப் பக்கத்துத் தங்கச்சி. உயிரியல் பிரிவில் படித்தார். மருத்துவ பீடத்துக்கு வெட்டுப்புள்ளி காணாது. வீட்டில் அழுகை. அப்போது ஒரு ஆசிரியை கைந்நூலைக் கையில் கொடுத்து, "முதல் பக்கத்தை மட்டும் பார்க்காதே, முழுசாப் பார்" என்றாராம். யாழ் பல்கலைக்கழகத்தின் சித்த மருத்துவப் படிப்பு அதில் இருந்தது. அதே கண்டி வீதியில், அரியாலைக்கு அப்பால் பாலம் கடந்து, கைதடியில் அந்தப் படிப்பு நடக்கிறது. இப்போது அங்கே போய் வருகிறார்.

மூன்றாவது பிள்ளையின் பதில்தான் நம் மனதைத் தொட்டது. சாதாரண தரத்தில் விஞ்ஞானத்துக்கும் கணிதத்துக்கும் 'ஏ' எடுத்தவர். தோட்டத்துக்குக் கிட்ட இருந்த பாடசாலையில் உயர்தரத்துக்குக் கலைப் பிரிவு மட்டுந்தான். விஞ்ஞானம் உள்ள பாடசாலைக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். அப்பா இல்லை, அம்மா கொழுந்து எடுக்கப் போகிறவர். "பொம்பளப் புள்ள, இருட்டுல வரணும்" என்று வீட்டில் பயந்தார்கள். அவர் கலைப் பிரிவில் சேர்ந்து, நன்றாகப் படித்து, இப்போது பல்கலைக்கழகத்தில் புவியியல் படிக்கிறார். அவர் சொன்னது இது:

"ஆர்ட்ஸ் மோசம்னு நான் சொல்லலீங்க. எனக்குப் புவியியல் புடிக்கும். ஆனா நான் அதைத் தெரிஞ்செடுக்கல. பஸ் ரூட்டு தெரிஞ்செடுத்திச்சு."

இந்தப் பாடத்தின் சாரம் இந்த வார்த்தைதான். பாடத்தைப் பிள்ளை தெரிந்தெடுக்க வேண்டும். பஸ்ஸும், கூட்டாளியும், பக்கத்து லயத்துக்காரரும் தெரிந்தெடுக்கக் கூடாது.

அரியாலை ஐயா சொன்ன பழைய கதை

வீட்டுக்கார ஐயா தேத்தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு எங்களோடு உட்கார்ந்தார். 1970களின் தொடக்கத்தில் அவரும் பல்கலைக்கழக அனுமதிக்காகக் காத்திருந்தவர். அது தரப்படுத்தல் வந்த காலம். 1971ஆம் ஆண்டு அனுமதியில், பேராதனைப் பொறியியல் பீடத்துக்குத் தமிழ் மொழிமூல மாணவருக்கு 400க்கு 250 புள்ளிகள் வேண்டியிருந்தன. சிங்கள மொழிமூல மாணவருக்கு 227 போதுமாக இருந்தது. பிறகு 1974இல் மாவட்ட அடிப்படையிலான பங்கீடு வந்தது. யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளின் மனதில் அது ஆறாத காயமாயிற்று. பின்னால் நாடு கண்ட துன்பங்களுக்கு அதுவும் ஒரு காரணம்.

ஐயா அந்த அநியாயத்தை மறக்கவில்லை. ஆனால் இன்னொன்றும் சொன்னார். "அநியாயம் நடந்தது உண்மை. அதோட நாங்களும் ஒரு பிழை விட்டனாங்கள். டொக்டர், இஞ்சினியர் எண்ட ரெண்டு கதவுக்கு முன்னாலதான் ஊர் முழுக்க வரிசையில நிண்டது. அந்தக் கதவு மூடினவுடன, வேற கதவு இருக்கெண்டு தெரியாமல் எத்தினை கெட்டிக்காரப் பிள்ளையள் வீட்டோட இருந்துட்டினம். உங்கட பிள்ளையளுக்கு அப்பிடி நடக்கக் கூடாது."

நாம் யோசித்துப் பார்த்தோம். மருத்துவ பீட இடத்துக்காக அரியாலைப் பிள்ளைகள் ஏங்கிய அந்த 1970களில்தான் நம் தோட்டப் பள்ளிக்கூடங்களை அரசாங்கம் பொறுப்பேற்கத் தொடங்கியது. அதுவரை ஒரே அறையில், ஒரே வாத்தியாரோடு, ஐந்தாம் வகுப்போடு முடிந்த படிப்புத்தான் நம்மில் பலருக்கு. ஒரு தலைமுறை பிந்தித்தான் நாம் அந்த வரிசைக்கு வந்தோம். வந்த பிறகு நாம் செய்கிற பிழை வேறு. அவர்கள் இரண்டு கதவைப் பார்த்து நின்றார்கள். நாம் ஒரே கதவைப் பார்க்கிறோம். "கிட்ட இருக்கிற ஸ்கூலில் ஆர்ட்ஸ் படி, டீச்சர் அப்பொயின்ட்மென்ட் கிடைக்கும்" என்பதே அது. அப்படிப் படித்து வந்த ஆசிரியர்கள்தான் நம் பிள்ளைகளைத் தூக்கிவிட்டவர்கள், அதை மறக்கக் கூடாது. ஆனால் எல்லாப் பிள்ளைக்கும் அது ஒன்றே வழி என்றிருந்தால், நாளைக்கு நம் பாடசாலைகளுக்குக் கணித, விஞ்ஞான ஆசிரியர் எங்கிருந்து வருவார்?

எந்தப் பிரிவு எந்தக் கதவைத் திறக்கும்?

உயர்தரத்தில் மூன்று பிரதான பாடங்கள். அந்த மூன்றும் மூன்று சாவிகள் போல. பிரிவுகளைச் சுருக்கமாகப் பார்ப்போம்.

1. உயிரியல் விஞ்ஞானப் பிரிவு: உயிரியல், இரசாயனவியல், பௌதிகவியல். மருத்துவம், பல் மருத்துவம், மிருக வைத்தியம், சித்த மருத்துவம், ஆயுர்வேதம், தாதியியல், விவசாயம், விஞ்ஞானப் பட்டங்கள் என்று நிறையக் கதவுகள். பௌதிகவியலை விட்டுவிட்டு விவசாய விஞ்ஞானம் எடுத்தால் மருத்துவக் கதவு மூடும்; விவசாயம் போன்ற சில கதவுகள் திறந்திருக்கும். இதைத் தெரிந்துகொண்டு எடுத்தால் பிழையில்லை.

2. பௌதிக விஞ்ஞானப் பிரிவு: இணைந்த கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல். பொறியியலுக்கு இந்த மூன்றும் கட்டாயம். இரசாயனவியலுக்குப் பதில் தகவல் தொழில்நுட்பம் எடுத்தால் கணினி சார்ந்த படிப்புகள் சில இருக்கும், பொறியியல் போய்விடும். பதுளைத் தம்பியின் கதை இதுதான்.

3. வணிகப் பிரிவு: கணக்கீடு, வணிகக்கல்வி, பொருளியல். முகாமைத்துவம், வணிகம், கணக்கியல் படிப்புகளுக்கு வழி. இந்த மூன்றில் இரண்டையாவது எடுக்காதவர் வணிகப் பிரிவு மாணவராகக் கணக்கில் வரமாட்டார்.

4. கலைப் பிரிவு: தமிழ், வரலாறு, புவியியல், அரசறிவியல், பொருளியல், அளவையியல், சமயம், நடனம், சங்கீதம், நாடகம் முதலிய பாடங்களிலிருந்து மூன்று. தெரிவு அதிகம் என்பதால் கவனமும் அதிகம் வேண்டும். புவியியல், பொருளியல், அளவையியல் போன்ற பாடம் ஒன்றையாவது சேர்த்துக்கொண்டால் பின்னால் போகிற வழி அகலமாகும். நாடகம், சங்கீதம், நடனம் சார்ந்த பட்டங்களுக்கு உளச்சார்புப் பரீட்சையும் வரும். சட்டக் கல்விக்கு எந்தப் பிரிவு மாணவரும் விண்ணப்பிக்கலாம். ஆனால் வெட்டுப்புள்ளி மிக உயரம்.

5. தொழில்நுட்பப் பிரிவு: 2013இல் தொடங்கியது. பொறியியல் தொழில்நுட்பவியல் அல்லது உயிர்முறைமைகள் தொழில்நுட்பவியல், அதோடு தொழில்நுட்பவியலுக்கான விஞ்ஞானம், மூன்றாவதாக இன்னொரு பாடம். செய்முறையில் கை தேர்ந்த பிள்ளைக்கு அருமையான வழி. ஒன்றை மட்டும் விளங்கிக்கொள்ளுங்கள்: இதில் படித்தால் கிடைப்பது தொழில்நுட்பவியல் பட்டம். பொறியியல் பீடத்துப் பட்டம் வேறு. பெயர் ஒன்றுபோல இருப்பதால் பல பெற்றோர் ஏமாந்து போகிறார்கள்.

நம் தொழிலுக்கே ஒரு பட்டம் இருக்கிறது தெரியுமா? 2005இல் தொடங்கிய பதுளை ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்தில் தேயிலைத் தொழில்நுட்பமும் பெறுமதி சேர்ப்பும் என்று ஒரு கற்கைநெறி உண்டு. விஞ்ஞானப் பாடங்கள் படித்த பிள்ளைகள் அதற்குப் போகலாம். நாம் கிள்ளிக் கொடுத்த கொழுந்து ஸ்டோருக்குள் போய் என்ன ஆகிறது, உலகச் சந்தையில் அதன் விலை எப்படி ஏறுகிறது என்று நம் வீட்டுப் பிள்ளை படித்துவிட்டு வந்தால் எப்படி இருக்கும்!

கண்டி வீதியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு முனையில் யாழ் பல்கலைக்கழகம். கைதடியில் சித்த மருத்துவம். கிளிநொச்சி அறிவியல் நகரில் அதே பல்கலைக்கழகத்தின் பொறியியல், விவசாய, தொழில்நுட்ப பீடங்கள். பிறகு 2021இல் தனிப் பல்கலைக்கழகமான வவுனியா. மறுமுனையில் கண்டிக்கு அருகே பேராதனை. ஒரு பஸ் போகிற வழியிலேயே இத்தனை வாசல்கள்.

இசட் புள்ளி என்றால் என்ன?

"லேசான பாடம் எடுத்தால் புள்ளி கூட வரும்" என்று பலர் சொல்வார்கள். இது பாதி உண்மைகூட இல்லை. 2001 முதல் பல்கலைக்கழக அனுமதி இசட் புள்ளியில் நடக்கிறது. நம் வேலையை வைத்தே இதை விளக்கலாம்.

கடும் வெயில் காலம். பழைய விதைத் தேயிலை மலையில் ஆளுக்குப் பத்துக் கிலோ எடுப்பதே பெரும்பாடு. அங்கே ஒரு அக்கா 15 கிலோ எடுக்கிறார். மழை பெய்து கொழுந்து பொங்குகிற வீ.பி. மலையில் எல்லாரும் 19 கிலோ எடுக்கிறார்கள். அங்கே இன்னொரு அக்கா 20 கிலோ எடுக்கிறார். தராசு மட்டும் பார்த்தால் 20 கிலோதான் பெரிது. ஆனால் யார் கெட்டிக்காரி என்று மடுவத்தில் கேட்டுப் பாருங்கள், 15 கிலோ எடுத்த அக்காவின் பெயரைத்தான் சொல்வார்கள்.

இசட் புள்ளி செய்வதும் அதுதான். பிள்ளையின் புள்ளி, அந்தப் பாடம் எழுதிய எல்லாருடைய சராசரியை விட எவ்வளவு மேலே என்று பார்க்கும். அதை அந்தப் பாடத்தின் நியம விலகலால், அதாவது புள்ளிகள் எவ்வளவு பரந்து கிடக்கின்றன என்ற அளவால் பிரிக்கும். உதாரணத்துக்கு ஒரு கணக்கு: ஒரு பாடத்தில் சராசரி 60, நியம விலகல் 15, பிள்ளை எடுத்தது 75. இசட் புள்ளி 1. இன்னொரு பாடத்தில் சராசரி 40, நியம விலகல் 10, பிள்ளை எடுத்தது 60. இசட் புள்ளி 2. பார்த்தீர்களா, 75ஐ விட 60 பெரிதாகிவிட்டது! மூன்று பாடங்களின் இசட் புள்ளிகளைக் கூட்டி மூன்றால் பிரித்து வருவதே கடைசிப் புள்ளி.

ஆகவே எல்லாருக்கும் லேசான பாடத்தைத் தேடாதீர்கள். உங்கள் பிள்ளை மற்றவர்களைத் தாண்டி நிற்கக்கூடிய பாடம் எது என்று தேடுங்கள்.

இதோடு இன்னும் மூன்றைக் கவனியுங்கள். பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்க, ஒரே தடவையில் மூன்று பாடங்களிலும் குறைந்தது 'எஸ்' சித்தி வேண்டும். பொதுச் சாதாரணப் பரீட்சையில் குறைந்தது 30 புள்ளி வேண்டும். பரீட்சை எழுத மூன்று தடவைதான் கணக்கு. பொது ஆங்கிலம் இசட் புள்ளியில் சேராது என்று அதை விட்டுவிடாதீர்கள். உள்ளே போன பிறகு விஞ்ஞானம், பொறியியல், முகாமைத்துவம் எல்லாம் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் நடக்கும்.

மாவட்டக் கணக்கு

பெரும்பாலான படிப்புகளுக்கு இடங்கள் இப்படிப் பங்கிடப்படுகின்றன: 40 வீதம் வரை அகில இலங்கைத் திறமை அடிப்படையில், 55 வீதம் வரை 25 மாவட்டங்களுக்கும் சனத்தொகை விகிதப்படி, மிச்சம் 5 வீதம் கல்வி வசதி குறைந்த 16 மாவட்டங்களுக்கு. அந்தப் பதினாறில் நுவரெலியா, பதுளை, மொனராகலை, இரத்தினபுரி ஆகியவை உண்டு. யாழ்ப்பாணமும் உண்டு. கண்டி, மாத்தளை, கேகாலை இல்லை.

அன்று அரியாலைப் பிள்ளைகளைச் சுட்ட மாவட்டப் பங்கீடு, இன்று வேறு உருவத்தில் நம் மாவட்டப் பிள்ளைகளுக்கு ஓரளவு கைகொடுக்கிறது. ஆனால் இது மாவட்டம் முழுவதற்கும் உரிய பங்கு. தோட்டப் பிள்ளைக்கென்று தனியாக எழுதிய பங்கு இல்லை. டவுனில் நல்ல வசதியோடு படிக்கிற பிள்ளையும் அதே வரிசையில்தான் நிற்கும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. சாதாரண தரம் முடிந்தவுடன் "கொழும்பில் சித்தப்பா வீட்டில் நின்று படிக்கட்டும்" என்று அனுப்பிவிடுவோம். பிள்ளை எந்த மாவட்டத்துக்கு உரியது என்று தீர்மானிக்கும்போது, பரீட்சைக்கு முந்திய மூன்று ஆண்டுகளில் படித்த பாடசாலையும் வதிவிடமும் கணக்கில் வரும். பாடசாலை மாற்றுவதற்கு முன் அந்த விதியைக் கைந்நூலில் வாசித்து, அதிபரிடமும் கேட்டுவிட்டு முடிவெடுங்கள். நல்ல வகுப்புக் கிடைக்கும் என்று போய், மாவட்டத்தை இழந்து வந்தால் அழுவதற்கு ஆளிருக்காது.

பாடசாலையைப் பார்த்து வையுங்கள்

எல்லாப் பாடசாலையிலும் எல்லாப் பிரிவும் இல்லை. 1ஏபி வகைப் பாடசாலையில் உயர்தர விஞ்ஞானப் பிரிவு இருக்கும். 1சி வகையில் கலை, வணிகம்தான். இரண்டாம் வகை 11ஆம் வகுப்போடு முடியும். உங்கள் பிள்ளை படிப்பது எந்த வகை என்று 9ஆம் வகுப்பிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சில ஆண்டுகளில் சாதாரண தரப் பெறுபேறு வருவதற்கு முன்னமே உயர்தர வகுப்புத் தொடங்கிவிடுகிறது. பெறுபேறு வந்த பிறகு யோசிக்கலாம் என்றிருந்தால் காலம் போய்விடும்.

போகப்போகிற பாடசாலையில் இந்த நான்கையும் கேளுங்கள்:

அ. இந்த மூன்று பாடங்களுக்கும் தமிழ் மொழிமூல ஆசிரியர் இப்போது இருக்கிறாரா? பெயர்ப்பலகையில் பாடம் இருந்து வகுப்பில் ஆசிரியர் இல்லாமல் போனால் பிள்ளைதான் பாடுபடும்.

ஆ. சென்ற மூன்று ஆண்டுகளில் எத்தனை பேர் இந்தப் பிரிவில் பரீட்சை எழுதினார்கள், எத்தனை பேர் மூன்றும் சித்தியடைந்தார்கள்?

இ. ஆய்வுகூடம் திறந்து பாவிக்கிறார்களா, பூட்டிக் கிடக்கிறதா?

ஈ. விடுதி உண்டா? இல்லையென்றால் பஸ் எத்தனை மணிக்கு?

கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம். கொழுந்து நிறுக்கும்போது முள்ளு எங்கே நிற்கிறது என்று எட்டிப் பார்க்கிறோம் அல்லவா? இதுவும் அப்படித்தான்.

பெண் பிள்ளைகள் விஷயத்தில் ஒரு வார்த்தை. இருட்டுப் பயம் நியாயமான பயம். ஆனால் அந்தப் பயத்துக்கு விலை, பிள்ளையின் முழு வாழ்க்கை. ஒரே டிவிசனில் மூன்று நான்கு பிள்ளைகள் போகிறார்கள் என்றால் பெற்றோர் சேர்ந்து முச்சக்கரவண்டி ஒன்று பேசலாம், டவுனில் ஒரு அறை எடுத்து ஒரு பாட்டியைக் கூட வைக்கலாம். தலைவரிடமும் தோட்ட அலுவலகத்திலும் பேசிப் பாருங்கள். தனி ஆளாக முடியாததைச் சேர்ந்து செய்யலாம்.

காசுக்கு என்ன செய்வது?

பல்கலைக்கழகத்தில் படிப்புக்குக் கட்டணம் இல்லை. தங்குமிடம், சாப்பாடு, புத்தகம் இவைதான் செலவு. 1981 முதல் மகாபொல புலமைப்பரிசில் கொடுக்கப்படுகிறது. அது கிடைக்காதவர்கள் குடும்ப வருமானத்தைக் காட்டி நிதியுதவிக் கொடுப்பனவுக்கு விண்ணப்பிக்கலாம். தோட்டத் தொழிலாளரின் பிள்ளைகளுக்கென்றே, இந்திய உயர்ஸ்தானிகராலயத்தினூடாக இலங்கைத் தோட்டத் தொழிலாளர் கல்வி நிதியத்தின் புலமைப்பரிசில் உண்டு. உயர்தரம் படிக்கிறவர்களுக்கும் பல்கலைக்கழகத்தில் படிக்கிறவர்களுக்கும் அது கிடைக்கிறது. பத்திரிகையில் அறிவித்தல் வரும்போது கவனியுங்கள். பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, பெற்றோரின் சம்பளத்துண்டு இவற்றை ஒரு கோவையில் போட்டு வையுங்கள். பெயரில் எழுத்துப் பிழை இருந்தால் இப்போதே திருத்துங்கள். கடைசி நாளில் ஓடித் திரிய வேண்டாம்.

பல்கலைக்கழகம் கிடைக்காவிட்டால்?

உயர்தரம் சித்தியடைந்த எல்லாருக்கும் பல்கலைக்கழகத்தில் இடமில்லை. அது பிள்ளையின் குற்றமில்லை. ஆகவே பாடம் எடுக்கும்போதே இரண்டாம் வழியையும் நினைத்து வையுங்கள்.

நம் பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி இருக்கிறது. தோட்டப் பாடசாலைகளுக்குப் பயிற்றப்பட்ட ஆசிரியர் வேண்டும் என்று ஜெர்மன் நாட்டு உதவியோடு அமைந்தது. கணிதம், விஞ்ஞானம் படித்த பிள்ளை அங்கே போய்த் திரும்பி வந்தால் ஒரு பாடசாலையே தலைநிமிரும். இதைவிட உயர் தேசிய டிப்ளோமா தரும் உயர் தொழில்நுட்ப நிறுவனங்கள், தொழில்நுட்பக் கல்லூரிகள், வேலை செய்துகொண்டே படிக்கத் திறந்த பல்கலைக்கழகம் என்று வழிகள் உண்டு. சாதாரண தரம் சரிவராத பிள்ளையும் ஒதுங்கிப் போக வேண்டியதில்லை. 2017 முதல் சில பாடசாலைகளில் 13 வருட உத்தரவாதக் கல்வியின் கீழ்த் தொழிற்கல்விப் பிரிவு நடக்கிறது. அதற்குச் சாதாரண தரச் சித்தி கேட்பதில்லை.

வீட்டில் செய்ய வேண்டிய பயிற்சி

பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஒவ்வோர் ஆண்டும் மாணவர் கைந்நூல் வெளியிடுகிறது. தமிழிலும் உண்டு, இணையத்திலும் இலவசமாகப் பார்க்கலாம். பிள்ளை 10ஆம், 11ஆம் வகுப்பில் இருக்கும் வீட்டில், ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் உட்கார்ந்து இப்படிச் செய்யுங்கள்:

1. பிள்ளைக்குப் பிடித்த மூன்று படிப்புகளைக் கைந்நூலில் கண்டுபிடித்து ஒரு கொப்பியில் எழுதச் சொல்லுங்கள்.

2. ஒவ்வொன்றுக்கும் எந்தெந்த உயர்தரப் பாடம் கட்டாயம் என்று பக்கத்தில் எழுதுங்கள். சாதாரண தரத்தில் கேட்கிற தகுதியையும் குறியுங்கள்.

3. மூன்று படிப்புக்கும் பொதுவாக வருகிற பாடங்களுக்குக் கீழே கோடு போடுங்கள். அதிகக் கதவு திறக்கிற பாடங்கள் அவைதான்.

4. உங்கள் மாவட்டத்தின் சென்ற ஆண்டு வெட்டுப்புள்ளியைப் பாருங்கள். அது ஆண்டுக்காண்டு மாறும், ஒரு கணிப்புக்குத்தான்.

5. அந்தப் பாடங்கள் உள்ள பாடசாலை எது, அங்கே போக என்ன செய்ய வேண்டும் என்று எழுதுங்கள்.

6. கடைசியாகப் பிள்ளையைக் கேளுங்கள்: "இந்த ரெண்டு வருசமும் விடியக் காலையில எழும்பி இதைப் படிக்க உனக்கு விருப்பமா?" பதில் சொல்ல விடுங்கள். இடையில் பேசாதீர்கள்.

வாசிக்கத் தெரியாத பெற்றோர் மனம் தளர வேண்டாம். பிள்ளை வாசிக்கட்டும், நீங்கள் கேளுங்கள். கேட்கிற பெற்றோர் இருக்கிற வீட்டில் பிள்ளை நன்றாக யோசிக்கும்.

புறப்படும்போது புவியியல் படிக்கிற அந்தப் பிள்ளை வாசல்வரை வந்தார். வீட்டில் ஒரு தங்கச்சி இருக்கிறாராம், இந்த ஆண்டு 11ஆம் வகுப்பு. "அம்மாகிட்ட நான் பேசிட்டேன். தங்கச்சி சயன்ஸ் படிக்கணும்னு ஆசப்படுறா. டவுன்ல ரூம் எடுக்க என் மகாபொலக் காசுல கொஞ்சம் அனுப்பறேன்னு சொல்லியிருக்கேன்" என்றார்.

அக்காவுக்குக் கிடைக்காத தெரிவு தங்கச்சிக்குக் கிடைக்கப் போகிறது. உங்கள் வீட்டிலும் ஒரு தங்கச்சி, ஒரு தம்பி இருப்பார். இந்த ஞாயிற்றுக்கிழமையே கொப்பியை எடுத்து உட்காருங்கள். சந்தேகம் இருந்தால் உங்கள் டிவிசன் நலன்புரி உத்தியோகத்தரிடம் கேளுங்கள். அவருக்கும் தெரியாவிட்டால் நமக்கு ஒரு கடிதம் போடுங்கள். விசாரித்து அடுத்த இதழில் எழுதுவோம்.